சத்துக் குளிசையும் தட்டச்சுப் பிழைகளும்

சுன்னாகம் புகையிரத நிலையத்திலிருந்து சந்தைக்குப் போகும் வழியில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் சுகிர்தம் ரீச்சரின் தட்டச்சு வகுப்பு இருந்தது. ஐந்து ஆங்கில இயந்திரங்கள், நாலு தமிழ் இயந்திரங்கள். கீழே வெங்காய லொறிகள் நின்று உறுமும்போது மேலே மேசைகள் மெல்ல அதிரும். ஒன்பது இயந்திரமும் ஒன்றாக ஓடத் தொடங்கினால் லொறிச் சத்தம் கேட்காது.

சுகிர்தம் பத்தொன்பது வயதில் கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தட்டச்சாளராகச் சேர்ந்தவர். சேர்ந்தது 1957இல். சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் வந்து அப்போது ஒரு வருடம். சிங்களத்தில் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. ஆறு வருடம் பார்த்துவிட்டு, ஒரு நாள் தன் விலகல் கடிதத்தைத் தானே மூன்று பிரதி அடித்துக் கொடுத்துவிட்டு யாழ்தேவிப் புகையிரதத்தில் ஏறி ஊருக்கு வந்தார். அடுத்த வருடம், இரண்டு பழைய இயந்திரங்களோடு வகுப்பைத் தொடங்கினார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலை ஏழு மணிக்கு வகுப்பைத் திறந்ததும், மாணவர்கள் வருமுன், ஒரே பந்தியை ஐந்து நிமிடம் அடிப்பார். விசைகளைப் பார்க்கமாட்டார். முடிந்ததும் எத்தனை சொல், எத்தனை பிழை என்று தாளின் மூலையில் பென்சிலால் எழுதித் திகதி போட்டு, மேசையில் நின்ற கூர்க்கம்பியில் குத்திவைப்பார். கம்பி நிறைந்தால் தாள்களைக் கட்டி அலுமாரிக்குள் போடுவார். பிழை பெரும்பாலும் பூச்சியம். ஒன்று வந்தால் அன்றைக்கு முகம் கொஞ்சம் கடுப்பாக இருக்கும்.

1975 ஐப்பசி மழையோடு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. களைப்பு விடவில்லை. மாடிக்கு ஏறும் பதினாறு படியில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. தலை இழுத்துப் பின்னினால் கை சோர்ந்து, கொஞ்ச நேரம் கதிரையில் இருந்து எழும்ப வேண்டும். எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டாலும் எழும்பும்போது நெல்லுக் குத்தியவள் போல உடம்பு நோகும். ஒரு நாள் உசாராக இருக்கிறதே என்று இரண்டு வகுப்புக் கூட எடுத்தால், அடுத்த மூன்று நாள் பாயில். இரத்தம் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு ஊர் தன் பாட்டில் காரணம் கண்டுபிடித்தது. காலத்தில் கலியாணம் கட்டாத குறை என்று சிலர். சோம்பல் என்று சிலர்.

அவரோடு இருந்த தமக்கை நவமணி அப்படிச் சொல்பவர்களோடு கதைப்பதையே நிறுத்திக்கொண்டார். கணவன் இறந்த பிறகு தங்கையின் வீட்டுக்கு வந்தவர் அவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தார். தங்கை படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், லண்டனில் தபாற்கந்தோரில் வேலை செய்த தம்பி ஹெக்டருக்குப் பக்கம் பக்கமாக எழுதினார்.

1977 தை மாதம் ஹெக்டரின் முதல் பார்சல் வந்தது. மண்ணிறக் கண்ணாடிப் போத்தல்கள். உள்ளே வெள்ளைக் குளிசைகள். பி6 என்ற வைற்றமின், ஒவ்வொன்றிலும் இருநூறு மில்லிகிராம். வேலையிடத்தில் ஒருவர் தந்த சிறு புத்தகத்தில், விடாத களைப்புக்கு இதைப் பெரிய அளவில் எடுத்தால் சுகம் வரும் என்று போட்டிருப்பதாக ஹெக்டர் எழுதியிருந்தார். "பயப்பட ஒன்றுமில்லை. இது மருந்து அல்ல, சத்து. உடம்புக்கு வேண்டாததைச் சிறுநீர் கொண்டுபோய்விடும்."

மூன்று கிழமையில் சுகிர்தத்துக்கு உடம்பு கொஞ்சம் லேசானது போல் இருந்தது. படியில் ஒரு இடத்தில் மட்டும் நின்றார். வீட்டில் அன்றைக்குப் பாயாசம். நாளுக்கு ஒன்று நாலானது. களைப்பு மறுபடி அழுத்த, நாலு ஆறானது. ஆனி மாதம் அது பத்து. காலை ஐந்து, மாலை ஐந்து. நவமணி அவற்றை எண்ணிச் சின்னத் தட்டில் வைத்துத் தண்ணீரோடு கொண்டுவருவார்.

மார்கழியில் ஒரு பின்னேரம் வகுப்பு முடிந்து வீடு வந்தபோது நவமணி வாசலில் நின்று, "எங்கையடி மற்றச் செருப்பு?" என்று கேட்டார்.

சுகிர்தம் குனிந்து பார்த்தார். வலக்காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியாது. எவ்வளவு தூரமோ ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார், கால் அதை அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போலத் தொடங்கியது. அது விறைப்பாகி, கணுக்கால்வரை ஏறியது. கிணற்றடியில் முகத்துக்குத் தண்ணீர் அடித்துக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கம் சாயும். பெரிய வெள்ளி ஆராதனையில் சபை எழுந்து நின்று ஜெபித்தது. சுகிர்தமும் கண்ணை மூடினார். அடுத்த கணம் முன் வாங்கில் நாடி மோத விழுந்து கிடந்தார். விரதக் களைப்பு, மயக்கம் என்று பெண்கள் விசிறினார்கள்.

"மயக்கமில்லை அக்கா," என்று வீட்டுக்கு வந்து சொன்னார். "எனக்கு எல்லாம் தெரிஞ்சது. கண்ணை மூடினதும் என்ரை கால் எங்கை கிடக்கெண்டுதான் தெரியேல்லை."

அதற்குள் விறைப்பு விரல்களுக்கும் வந்துவிட்டது. விசைகளைத் துணியால் மூடிப் பிள்ளைகளைப் பழக்குகிறவர் அவர். "கண் தாளிலை, விரல் தன்ரை இடத்திலை" என்று பதினாலு வருடம் சொன்னவர். இப்போது அவருடைய விரல்கள் தங்கள் இடத்தை மறந்தன. ஒரு விசைக்குப் பதில் பக்கத்து விசை விழுந்தது. சுருக்கெழுத்துப் படிப்பித்த பத்மாசினி அதைக் கண்டும் காணாதவள் போல இருந்தாள். ஆனால் ஒரு நாள் பொறுக்காமல், "ரீச்சர், நீங்கள் குனிஞ்சு பாத்து அடிக்கிறியள்," என்று மெல்லச் சொன்னாள்.

"ஓம்," என்றார் சுகிர்தம்.

நவமணி அவரைப் பெரிய டொக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, நரம்புத் தளர்ச்சி, பழைய நோய் முற்றுகிறது என்று சொல்லி, வைற்றமின் ஊசி பன்னிரண்டு எழுதினார். நாலு ஊசி போட்ட பிறகு சுகிர்தத்தால் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை.

1978 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், வகுப்பைப் பத்மாசினியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பது என்று அவர் முடிவு செய்தார். வகுப்பைக் கையளிப்பதற்கு முன் அலுமாரியைத் துப்புரவாக்க நினைத்து, பழைய தாள் கட்டுகளை இறக்கினார். எறிவதற்குத்தான் இறக்கினார். கட்டொன்று அவிழ்ந்து நிலத்தில் பரவியது. பொறுக்கி அடுக்கும்போது மூலையில் இருந்த இலக்கங்கள் கண்ணில் பட்டன.

1975 கார்த்திகை. காய்ச்சல் முடிந்து களைப்பு உச்சத்தில் இருந்த மாதம். சொற்கள் பாதியாகக் குறைந்திருந்தன. பிழை பூச்சியம். 1976 முழுவதும் அப்படித்தான். வேகம் ஏறி இறங்கியது, பிழை மட்டும் பூச்சியம், ஒன்று, பூச்சியம். 1977 ஐப்பசி வரை அதே கதை. கார்த்திகையில் மூன்று. மார்கழியில் ஏழு. மாசியில் பத்தொன்பது.

அவர் நிலத்திலேயே இருந்துவிட்டார். இரண்டு வருடம் செத்த பிணம் போலக் கிடந்தபோதும் விரல் பிழைவிடவில்லை. அப்படியென்றால் பிழை விடுவது களைப்பு அல்ல. களைப்பு வேகத்தைத்தான் தின்றது. விரலைத் தின்பது வேறொன்று, பிறகு வந்த ஒன்று.

"பத்மா," என்று கூப்பிட்டார். "எழுபத்தேழிலை எனக்குப் புதிசா என்ன வந்தது?"

பத்மாசினி யோசித்தாள். "புதிசா ஒண்டும் இல்லை ரீச்சர். லண்டன் பார்சல்தான்."

வீட்டுக்குப் போய் ஹெக்டரின் கடிதங்களை எடுத்துத் திகதிகளை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதினார். குளிசை ஒன்று, நாலு, ஆறு, பத்து. வலப்பக்கம் பிழைகள். பத்துக்கு ஏறி நாலைந்து மாதத்தில் பிழை தொடங்கியது. ஊசி போட்ட கிழமையில் நாற்பதைத் தாண்டியது.

நவமணி அந்தத் தாளை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். முகம் கறுத்துவிட்டது. "உனக்கென்ன விசரே? வைற்றமின் எண்டால் சத்து. சத்து ஆரையும் கெடுக்குமே?"

"எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்ச ஒருத்தரைக் கேப்பம்."

சந்தைக்குப் பக்கத்தில் சிறிய மருந்தகம் வைத்திருந்த டொக்டர் சோமசேகரம் அதிகம் பேசாத மனிதர். அவர் தாளை மூன்று தரம் பார்த்தார். ஓர் இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டு சுகிர்தத்தின் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

"அதிருதோ?"

"வைச்சிருக்கிறியளோ டொக்டர்?"

அவர் கவையை எடுத்துவிட்டுக் காலை உதைக்கச் சொன்னார். சுகிர்தம் நல்ல பலமாக உதைத்தார். "பலம் போகேல்லை. உணர்ச்சிதான் போயிருக்கு," என்றார் டொக்டர். எழும்பித் தடித்த புத்தகம் இரண்டை எடுத்து நெடுநேரம் புரட்டினார். "ரீச்சர், ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு இது ரெண்டு மில்லிகிராம் போதும். நீங்கள் ரெண்டாயிரம் எடுத்திருக்கிறியள். அது நரம்பைக் கெடுக்குமெண்டு இந்தப் புத்தகங்களிலை இல்லை."

"அப்ப நான் சொல்லுறது பிழையோ?"

"புத்தகம் எழுதினவை உங்கடை தாளைப் பாக்கேல்லைத்தானே. நிப்பாட்டிப் பாப்பம். ஊசியும் வேண்டாம், அதுக்குள்ளையும் இதுதான்."

நிறுத்தினார். முதல் கிழமையில் மாற்றமில்லை. இரண்டாம் கிழமையில் விறைப்புக் கூடியது. மூன்றாம் கிழமை முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சோற்றைக் கவளமாக எடுத்தால் வாய்க்குப் போகுமுன் சிந்தியது. நவமணி பக்கத்தில் இருந்து ஊட்டினார். ஊட்டி முடிந்ததும் மண்ணிறப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு அழுதார்.

"கண்டியே? நிப்பாட்டினதாலைதான் உந்த நிலை. உடம்பு கேக்குது. போடு பிள்ளை, ரெண்டை மட்டும் போடு."

சுகிர்தம் போத்தலைப் பார்த்தார். போட்டுவிடலாம் என்றுதான் அந்தக் கணம் இருந்தது. ஹெக்டரிடமிருந்தும் அன்றைக்குக் கடிதம் வந்திருந்தது: நிறுத்த வேண்டாம், கூட்டிப் பார். டொக்டரிடம் கேட்டபோது அவரும் நேர்மையாகத் தனக்குத் தெரியாது என்றே சொன்னார். நிறுத்திய பிறகும் கொஞ்சக் காலம் பழைய சேதம் தன் பாட்டில் முற்றலாம், அது தன் ஊகம், அவ்வளவுதான் என்றார்.

"அக்கா, நாப்பது நாள் தாங்கோ," என்றார் சுகிர்தம். "இருபத்திரண்டு நாள் போயிட்டுது. நாப்பது முடியேக்கையும் நான் இப்பிடியே கிடந்தால், நீங்கள் தாறதை எண்ணாமல் முழுங்குறன். அதுவரைக்கும் போத்தல் டொக்டரிட்டை இருக்கட்டும்."

நவமணி போத்தல்களைப் பன்பையில் போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றையிலிருந்து நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கீறினார்.

இருபத்தெட்டு. முப்பது. முப்பத்திமூன்று. விறைப்புக் கூடவில்லை என்று மட்டும் சொல்லலாம். குறையவும் இல்லை.

முப்பத்தேழாம் நாள் காலை, சுகிர்தம் வேலியைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போனார். வாழைக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றார். வலக்காலின் பெருவிரலுக்குக் கீழே ஏதோ ஒன்று. மெல்லிய, தூரத்தில் இருந்து வருவது போன்ற ஒரு குத்து. அவர் அப்படியே ஈர மண்ணில் இருந்து காலைத் திருப்பிப் பார்த்தார். நெருஞ்சி முள்.

"அக்கா! அக்கா, ஓடி வாங்கோ!"

விழுந்துவிட்டாள் என்று நினைத்து நவமணி அகப்பையோடு ஓடிவந்தார்.

"குத்துது அக்கா! எனக்கு முள்ளுக் குத்துது!"

நவமணி முள்ளைப் பிடுங்கப் போனார். சுகிர்தம் விடவில்லை. கையைத் தட்டிவிட்டுத் தானே அதை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. வாய் சிரித்தது. பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இந்த இரண்டு சகோதரிகளும் சேற்றுக்குள் இருந்து ஒரு காலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை ஊரெல்லாம் சொன்னாள். சொல்லட்டும் என்றார் நவமணி.

அதற்குப் பிறகு சுகம் ஆமை போல வந்தது, ஆனால் திரும்பிப் போகவில்லை. ஆவணியில் கணுக்கால் திரும்பியது. புரட்டாதியில் பொத்தான் பூட்டினார். மறுபடி காலை ஏழு மணிக்கு வகுப்பைத் திறந்து ஐந்து நிமிடம் அடித்தார். பிழை முப்பத்தொன்று. கார்த்திகையில் பதினாலு. மார்கழியில் ஆறு. ஒவ்வொரு தாளையும் டொக்டர் சோமசேகரத்திடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் தன் இரும்புக் கவையோடு காத்திருந்தார்.

1979 மாசியில் புதிய மாணவர்கள் சேர்ந்த அன்று, சுகிர்தம் பத்மாசினியிடம் துணியைக் கேட்டு வாங்கி, தன் இயந்திரத்தின் விசைகளை மூடினார். துணிக்குக் கீழே கையை விட்டார். யன்னலைப் பார்த்துக்கொண்டு அடித்தார். பத்மாசினி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் முடியத் தாளை உருவி எழுத்தெழுத்தாகப் பார்த்தாள்.

"ரெண்டு பிழை ரீச்சர்!" என்று கத்தினாள். புதிய பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பிழைக்கு ஏன் இந்த ரீச்சர்மார் கட்டிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

களைப்பு? அது போகவில்லை. அது போனதாகச் சுகிர்தம் ஒருபோதும் சொல்லவும் இல்லை. ஆனால் அதை வெல்லக் குளிசை தேடுவதை விட்டுவிட்டு, அதன் அளவைக் கண்டுபிடித்தார். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்தால் மறுநாள் காலை வேகம் விழாது என்று தாள்களில் பார்த்தார். நாலரை. அதற்குள் வகுப்பை அமைத்தார். ஒவ்வொரு மணித்தியாலமும் கால்மணி நேரம் பின்னறையில் வாங்கில் படுத்தார். படுத்திருப்பதை ஒளிக்கவில்லை. உசாரான நாளிலும் நாலரைக்கு மேல் போகவில்லை. ஒரு வருடத்தில் பாயில் விழும் நாட்கள் மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தன. அந்த வருடம் சோதனைக்குப் போன இருபத்தாறு மாணவர்களில் இருபத்தைந்து பேர் பாஸ்.

ஹெக்டருக்கு அவர் முழுக் கதையையும் ஏழு பக்கத்தில் அடித்து அனுப்பினார். ஹெக்டரின் மறுமொழி நாலு வரி. தன் கையால் அக்காவின் காலைப் பறித்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். "நீ அன்பில் அனுப்பினாய்," என்று சுகிர்தம் திருப்பி எழுதினார். "இப்போது அதே அன்பில், புத்தகம் தந்த ஆளிடம் போய் இந்த ஏழு பக்கத்தையும் கொடு."

அந்த ஏழு பக்கத்தின் ஒரு பிரதி டொக்டர் சோமசேகரத்தின் மேசை லாச்சியில் கிடந்தது. 1980இல் அவரிடம் வல்வெட்டித்துறையிலிருந்து ஏரம்பு என்றொருவர் வந்தார். பாய்க்கப்பலுக்குத் தண்டையலாக இருந்து, இரங்கூன் வரை கப்பல் ஓட்டியவர். அறுபத்தாறு வயது. கண் மஞ்சளாகிச் செங்கமாரி வந்து எழும்பிய பிறகு சோர்வு விடவில்லை. இப்போது கால் தள்ளாடுகிறது. டொக்டர் மற்ற எதையும் கேட்குமுன், "என்ன குளிசை போடுறனீங்கள்?" என்று கேட்டார். கப்பலில் வேலை செய்யும் மகன் கொண்டுவந்து கொடுத்த வைற்றமின். நாளுக்கு எட்டு.

டொக்டர் சொன்னதை ஏரம்பு நம்பவில்லை. டொக்டர் அவரைத் தட்டச்சு வகுப்புக்கு அனுப்பினார். பதினாறு படியையும் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, கதிரையில் விழுந்தார்.

"பிள்ளை, நான் வாழ்க்கையிலை கள்ளுக் குடிச்சதில்லை," என்றார் மூச்சு வாங்க. "மகளின்ரை கலியாண வீட்டிலை நான் தள்ளாடினதைப் பாத்து, சம்பந்தி வீட்டார் குடிகாரன் எண்டு எழும்பிப் போயிட்டினம். உனக்கும் இப்பிடித்தானோ?"

"எனக்குக் கோயிலிலை ஐயா. விழுந்து நாடி அடிபட்டது."

"என்ன செய்தனீ?"

"நிப்பாட்டினனான். நிப்பாட்டினால் முதல்லை இன்னும் மோசமாகும். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேணும். மூண்டு நாலு கிழமை மோசமாகும். பயந்து திருப்பிப் போட்டிடாதேங்கோ."

ஏரம்பு அவரை உற்றுப் பார்த்தார். "எதிர்காத்து எண்டு சொல்லுறாய்."

"ஓம் ஐயா. திரும்பி ஓடாமல் நிண்டால் சரி."

"நிப்பன்," என்றார் தண்டையல்.

நின்றார். மூன்றாம் கிழமையில் அவருடைய மனைவி இரத்தினம்மா பயந்துபோய்ச் சுன்னாகத்துக்கு பஸ் ஏறி வந்தார். சுகிர்தம் தன் தாள்களை விரித்து, தனக்கு எந்த நாளில் எப்படி இருந்தது என்று காட்டி அனுப்பினார். இரத்தினம்மா திகதிகளை விரலில் எண்ணிக்கொண்டு போனார்.

பெருந்தொகை பி6 நரம்பைக் கெடுக்கும் என்று வெளிநாட்டு வைத்தியச் சஞ்சிகைகள் எழுதியது அதற்குச் சில வருடம் கழித்துத்தான். சுன்னாகத்தில் அது அதற்கு முதலே தெரிந்திருந்தது.

ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, படியில் ஆரோ வேகமாக ஏறி வரும் சத்தம் கேட்டது. ஏரம்பு. கையில் ஓலைப்பெட்டியில் பெரிய பாரைக் கருவாடு.

"பிள்ளை, நான் நேற்று வள்ளத்திலை போனனான்," என்றார். "முன்னுக்கு அணியத்திலை நிண்டு போனனான். சம்பந்தியும் கரையிலை நிண்டு பாத்தவர்."

நவமணியும் அன்றைக்கு வகுப்பில் இருந்தார். அவர்தான் முதலில் கைதட்டினார். பிள்ளைகள் என்னவென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள்.

ஏரம்பு ஒரு வேலையோடும் வந்திருந்தார். தன் கரையில் கப்பல்காரர் கொண்டுவரும் குளிசையை மிட்டாய் போல விழுங்குகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வாயால் சொன்னால் கிழவன் உளறுகிறான் என்கிறார்கள். அச்சடித்த மாதிரி ஒரு தாள் வேண்டும்.

சுகிர்தம் தமிழ் இயந்திரத்துக்குப் போனார். காபன் தாள் வைத்து, ஐந்து ஐந்து பிரதியாக அடித்தார். காலில் விறைப்பு, கண்ணை மூடினால் தள்ளாட்டம், விரலில் பிழை: இவை இருந்து, நீங்கள் சத்துக் குளிசை அதிகம் எடுப்பவரென்றால், உடனே டொக்டரிடம் சொல்லுங்கள், எத்தனை எடுக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவ்வளவுதான். கீழே டொக்டர் சோமசேகரத்தின் பெயர். நவமணி அதற்குப் பக்கத்தில் தங்கையின் பெயரையும் போடச் செய்தார்.

நாற்பது தாள். ஏரம்பு அவற்றைச் சுருட்டி மடிக்குள் செருகினார். பருத்தித்துறைக்கும் வேண்டும், அடுத்த கிழமை வந்து இன்னும் நாற்பது வாங்குவேன் என்றார். கீழே பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"நான் வாறன் பிள்ளை!"

பத்மாசினியும் பிள்ளைகளும் யன்னலுக்கு ஓடினார்கள். பஸ் நகரத் தொடங்கிவிட்டது. ஏரம்பு சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெங்காய மூட்டைகளுக்கு நடுவால் பாய்ந்து ஓடி, மிதிபலகையில் தொற்றி ஏறினார்.